பக்கத்துக்கு ஒரு நூல்

மாமனாருக்கு அவன் நாற்பத்திரண்டாயிரம் தர வேண்டியிருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் கடை வைக்கக் கை நீட்டி வாங்கிய பணம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சாட்சிகள் மட்டும் நிறைய: மாமியார், மைத்துனன், பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, அன்றைக்கென்று தண்ணீர்க் குழாய் பார்க்க வந்திருந்த ஓர் ஆள். இத்தனை பேர் முன்னால் மரப்பட்டறைக்காரரான மாமனார், ஐந்நூறு நோட்டு எண்பத்து நாலையும் தன் வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் வைத்தார். வைக்கும்போது சத்தமாக எண்ணினார். குழாய்க்காரர்கூட முறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப முடியுதோ அப்ப கொடுங்க மாப்பிள்ளை. நான் கேக்க மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பதினேழு வருஷம் கேட்கவேயில்லை. அதுதான் வினையே.

அவன் கண்ணாடி வெட்டுகிறவன். தெருவில் அவன் பெயரே 'கண்ணாடி'தான். பள்ளிக்கூடம் அவனை நாலாம் வகுப்போடு விட்டுவிட்டது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அவன் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று வந்தால் அவன் கைக்கு ஈடு அந்தக் கடைத்தெருவிலேயே கிடையாது. கட்டரை மண்ணெண்ணெயில் ஒரு தொடு தொட்டு, கோடு நேராக வரப் பட்டைக்கட்டையை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பு. துணி கிழிகிற மாதிரி 'சர்ர்' என்று சீராக வர வேண்டும். நடுவில் சத்தம் விக்கினால் அந்த இடத்தில் கண்ணாடி கோணிக்கொண்டு ஓடிவிடும். அவன் கையில் அது விக்கினதில்லை. கோட்டுப் போட்ட என்ஜினியர்கள் கம்ப்யூட்டரில் அச்சடித்துக்கொண்டு வந்த அளவையே, "இது தப்புங்க, போய் மறுபடி அளந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவன். அவர்களும் போய் அளந்துவிட்டு, பிடரியைச் சொறிந்துகொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். "என் கையால வெட்டின கண்ணாடி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வான். உண்மையாக இருந்ததால் கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கடையில் இப்படி. வீட்டில் வாயில்லாப் பூச்சி.

அதற்காகக் கடனை அடைக்க முயற்சி செய்யாமல் இருந்தானா? கடை போட்ட பதினாலாம் மாதமே நாற்பத்திரண்டையும் சேர்த்துவிட்டான். எட்டடிக்குப் பதினாலடிக் கடை, பழைய கம்பளி விரித்த ஒரு மேஜை, சாய்த்து அடுக்க ஒரு மரத் தாங்கி. இதை வைத்துக்கொண்டு பதினாலு மாதத்தில் அவ்வளவு சேர்ப்பது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பணத்தைக் காகித உறையில் வைத்து எடுத்துப் போனான். போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"உங்க பணம் மாமா. நாற்பத்திரண்டு. எண்ணிப் பாத்துக்குங்க."

"நான் கேட்டேனா?"

"கேக்கல மாமா. ஆனா..."

"கேக்காத பணத்தை எதுக்குக் கொடுக்கறீங்க? உள்ள வைங்க. மகளுக்குன்னு கொடுத்ததைத் திருப்பி வாங்கற அளவுக்கு நான் இன்னும் ஒடிஞ்சு போயிடல."

இழைப்புளி பிடித்துக் காய்த்துப்போன கை அது. அதன் முதுகால் உறையை ஒரு தள்ளு தள்ளினார். தள்ளிய வேகத்தில் உறை அவன் நெஞ்சில் வந்து மோதியது. உள்ளேயிருந்து மாமியார், "டீ ஆறுது மாப்பிள்ளை, குடிங்க" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் அந்த உறையை மாமியாரின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்தான். பத்தாம் நாள் அது மனைவியின் கைப்பையில் இருந்தது. மூன்றாம் தடவை கொஞ்சம் மூளையைச் செலவழித்தான்: மாமனாரின் பேங்க் கணக்கில் நேரே கட்டிவிட்டான். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் தலை நிமிர்ந்து நடந்தான். ஐந்தாம் நாள் ஒரு வண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது. இரண்டு பேர் ஒரு பிரிட்ஜை இறக்கினார்கள். இரட்டைக் கதவு, ஆளுயரம், விலை நாற்பத்திரண்டாயிரம்.

"அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்திருக்காங்க" என்றாள் மனைவி. அவள் முகத்தைப் பார்த்தால் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

கடன் அப்படியே நின்றது. கூடவே இப்போது ஒரு பிரிட்ஜும் நின்றது.

வாங்கத்தான் மாட்டாரே தவிர, மறக்கவும் மாட்டார். யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், "கண்ணாடிக் கடையா? நம்ம காசுல வெச்சதுதான்" என்பார். அவர் அனுப்புகிற ஆட்கள் கடைக்கு வந்து, "பெரியவர் சொன்னார், காசை அவர்கிட்ட பேசிக்கறோம்" என்று கண்ணாடியை எடுத்துப் போவார்கள். குடியிருந்த வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தபோது அவன் கடைக்குப் பின்னால் இரண்டு அறை பார்த்து வைத்திருந்தான். மாமனார் மகளிடம், "நம்ம மாடி சும்மாதானே கிடக்குது. சொல்லு" என்றார். கை நீட்டி வாங்கினவன் எந்த வாயால் மாட்டேன் என்பான்? சட்டி பானை, பிரிட்ஜ், குழந்தை எல்லாம் மாடி ஏறின.

மாடிக்குப் படி கீழே கூடத்திலிருந்துதான். அதாவது மாமனாரின் நாற்காலியைத் தாண்டாமல் அவன் தன் வீட்டுக்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. நாலாம் படி 'கிரீச்' என்று கத்தும். ஊருக்கெல்லாம் படி செய்கிறவர் வீட்டில் ஒரு படி கத்துகிறது என்றால் அது ஏன் என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. நாலாம் படியைத் தாண்டி மிதித்துப் பார்த்தான். மாமியார் சமையலறையிலிருந்து, "மாப்பிள்ளை தாண்டிப் போறாரு" என்றாள்.

மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லாமல் போனது. சண்டை ஒன்றும் இல்லை. எப்படியோ அப்படி ஆகிவிட்டது. மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் பேச்சு மகள் வழியாகத்தான் போய் வரும்.

"மாப்பிள்ளை இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டாரே, என்னன்னு கேளு."

"அப்பா கேக்கறாங்க..."

"காதுல விழுந்துச்சு. வேலை முடிஞ்சுது, வந்துட்டேன்னு சொல்லு."

"முடிஞ்சுதாம்ப்பா."

"அதான் கேட்டுச்சே. நாளைக்கும் முடிஞ்சுடுமான்னு கேளு."

"ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் போடுங்க" என்பாள் அவள். "தபால்காரருக்கே மாசச் சம்பளம் உண்டு. நான் பதினஞ்சு வருஷமா ஓசியில ஓடிக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பார்கள், இரண்டு பேரும், வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. மைத்துனன் நடுவில் வந்து அப்பாவிடம் கார் வியாபாரத்துக்கு என்று லட்சக் கணக்கில் வாங்கிப் போவான். அதை யாரும் எண்ணிக் காட்டியதில்லை. அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. சின்னவன், பெற்ற பிள்ளை. இவன் மனதுக்குள் கணக்குப் பார்ப்பான், மாடி ஏறுவான், படி கத்தும்.

திருப்பி வாங்க மாட்டார் என்று தெரிந்தும் அவன் மறுபடி ஒரு நாற்பத்திரண்டாயிரம் சேர்த்தான். கடையில், கண்ணாடியை ஒட்டுகிற புட்டி டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தான். கை முடைப்பட்ட காலத்திலும் அதைத் தொடவில்லை. என்றைக்காவது ஒரு நாள் அந்த மனிதர் கையில் அதை வைத்துவிட்டால், அந்தக் கூடத்தில் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனதில் பட்டதை வாய் திறந்து சொல்லலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை. ஆனால் நடக்கவில்லை.

பதினைந்தாம் வருஷம் மாமனாருக்கு ஒரு விடுதிக் கட்டிடத்தின் ஜன்னல் வேலை வந்தது. அறுபது ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, நூற்றிருபது கண்ணாடி. மரம் அவர், கண்ணாடி மாப்பிள்ளை.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும். ஜன்னல் சட்டத்தின் உள்ளளவு என்னவோ அதே அளவுக்குக் கண்ணாடியை வெட்டக் கூடாது. மழையில் மரம் ஊறும், வெயிலில் கண்ணாடி விரியும்; நெருக்கிப் பிடித்தால் ஒரு நாள் தானாகவே விரிசல் விடும். அதனால் பக்கத்துக்கு ஒரு நூல் குறைத்து வெட்டுவார்கள். நூல் என்பது தச்சர் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மாமனார் எப்போதும் சட்டத்தின் முழு அளவைத்தான் பென்சிலால் ஒரு துண்டுப் பலகையில் எழுதிக் கொடுப்பார். நூலைக் கழிப்பது கண்ணாடிக்காரன் பொறுப்பு. இத்தனை வருஷமும் அப்படித்தான்.

"அப்பா கொடுக்கச் சொன்னாங்க" என்று மனைவி பலகையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அவன் வாங்கினான், கழித்தான், வெட்டினான். ஐந்து நாள், நூற்றிருபது கண்ணாடி, ஒன்றுகூட ஓடவில்லை. தாங்கியில் அடுக்கி வைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தான். அந்த மாதிரி வேலை என்றால் நீங்களும் நின்றுதான் பார்ப்பீர்கள்.

விடுதியில் முதல் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தான். அது ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மறு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை வெளிச்சம் கோடு போட்டது. விரலால் தொட்டதும் கடகடவென்று ஆடியது. இரண்டாவதை வைத்தான். அதுவும்.

விடுதிக்காரர் கிட்டே வந்து அந்த இடுக்கில் ஒரு நாணயத்தை நுழைத்துப் பார்த்தார். நுழைந்து வெளியே விழுந்தது.

"கண்ணாடி போட்ட பிறகும் காத்து வர்ற ஜன்னலை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "இதுக்குத் தனி ரேட்டா?"

அளவு நாடாவை எடுத்துச் சட்டத்தை அளந்தான். பலகையைப் பார்த்தான். பலகையில் இருந்த அளவே பக்கத்துக்கு ஒரு நூல் குறைவு. கழித்த அளவை மறுபடி கழித்திருக்கிறான். பலகையைத் தூக்கிக் காட்டி, "மாமா, இதுல நீங்க..." என்று ஆரம்பித்தான்.

மாமனார் பலகையைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கண் எங்கோ போய்விட்டு வந்தது. பிறகு விடுதிக்காரர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்குக் கை இன்னும் பழகல. மாத்திக் கொடுத்துடுவாரு. நான் பொறுப்பு" என்றார்.

கை பழகவில்லையாம். நூற்றுக்கணக்கான கடைமுகப்புக்குக் கண்ணாடி போட்ட கை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அளவு நாடாவை விட்டெறிந்திருப்பான். சொன்னவர் நாற்பத்திரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தவர். தொண்டைவரை வந்ததை அப்படியே மென்று விழுங்கினான். விடுதிக்காரரின் வேலையாட்கள் நாலு பேர் அவன் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து பலகையை மனைவி முன்னால் வைத்தான்.

"உங்கப்பா என்னை நாலு பேர் முன்னால எப்படிப் பேசினாரு தெரியுமா? இதுல கழிச்சது அவரு. பழி என் மேல."

அவள் பலகையைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா சொன்னாங்க" என்றாள். "பட்டறையிலேருந்து போன்ல சொன்னாங்க. 'இந்தத் தடவை நானே கழிச்சுட்டேன், மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு'ன்னு. நான்தான் அப்பாகிட்ட கேட்டேன். 'அவருக்கு வேலை ஜாஸ்தி, கண்ணு செவந்து கிடக்குது, நீங்களே கழிச்சுக் கொடுத்துடுங்கப்பா'ன்னு. அன்னிக்குப் பாப்பாவுக்கு ஜுரம். மறந்தே போச்சுங்க."

அவன் பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "உங்கப்பாவுக்கு இது தெரியுமா?" என்றான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி மேல வந்தாங்க. 'சொல்லலையாம்மா?'ன்னு கேட்டாங்க. இல்லப்பான்னேன். அவ்வளவுதான், இறங்கிப் போயிட்டாங்க."

விடுதியிலேயே, அந்த ஒரு நொடியில், கிழவருக்குப் புரிந்திருக்கிறது. மகளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டார். இப்போது அவனும் வாயைத் திறந்தால் தலை குனியப் போகிறவள் எதிரே தரையில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். யார் மேல் கோபப்படுவது? அக்கறையாகக் கேட்டவள் மேலா, அக்கறையாகக் கழித்தவர் மேலா? கோபத்துக்கு ஓர் ஆள்கூட அகப்படவில்லை. அதுவும் ஒரு கொடுமைதான்.

"சரி விடு. எழுந்திரு" என்றான்.

நூற்றிருபதையும் புதிதாக வெட்டினான். முப்பத்தெட்டாயிரம் ஆனது. தகர டப்பாவைத் திறந்தான், வேறு வழியில்லை. மூடும்போது உள்ளே நாலாயிரம் இருந்தது. மாமனார் அந்தச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'அந்த நாற்பத்திரண்டுல இதைக் கழிச்சுக்குவோம்' என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். வாங்கவே மாட்டேன் என்கிற கடனில் எதைக் கழிப்பது?

பலகையை மட்டும் அவன் எறியவில்லை. கடையில் தாங்கிக்குப் பின்னால் செருகி வைத்தான். பணத்தை மறுபடி சேர்ப்பது, அந்தக் கையில் வைப்பது, அடுத்த மூச்சில் பலகையையும் வைப்பது. 'யாரு கை மாமா பழகாத கை?' என்று கேட்பது. இதை அவன் கண்ணாடி வெட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் காலையில் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்த மாமனார் அப்படியே சரிந்து மரத்தூளில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. வருகிற பாதியும் குழறிக்கொண்டு வந்தது. மகளுக்கு மட்டும் புரியும். கூடத்தில் நாற்காலி இருந்த இடத்தில் கட்டில் போட்டார்கள். படியைப் பார்த்தபடி படுத்திருந்தார். வலது கை போர்வைக்கு மேலே, உள்ளங்கை மேலே பார்க்க, விரித்தபடியே கிடக்கும். மூட வராது.

பட்டறைச் சாவி, பேங்க் புத்தகம், பெட்டிச் சாவி எல்லாம் மைத்துனன் கைக்குப் போயின. "அத்தான், நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றான். பார்த்துக்கொண்டான். பட்டறை வாசலில் அவனுடைய பழைய கார்கள் வந்து நின்றன. மாமியார் எதற்குக் கேட்டாலும், "சின்னவன் வரட்டும்" என்றாள். அவளும்தான் என்ன செய்வாள்.

ஒரு மதியம் அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் முடிவெட்டுகிறவர் மாமனாருக்குச் சவரம் செய்து முடித்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவினார். மறுபடி துழாவினார். ஒன்றும் இல்லை.

"சின்னவன் வந்ததும் கொடுக்கச் சொல்றேன்" என்றாள் மாமியார்.

"அதுக்கென்னம்மா, போன மாசத்தோட சேத்து வாங்கிக்கறேன்" என்றார் முடிவெட்டுகிறவர்.

போன மாதத்தோடு சேர்த்து. ஊரில் ஒருவருக்கும் பத்துக் காசு பாக்கி வைக்காத மனிதர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். துடைக்காத சோப்பு இன்னும் காதோரம் இருந்தது.

அவன் நாலாம் படியில் நின்றுவிட்டான். படி கத்தியது. மாமனார் கண்ணைத் திறந்தார். அவன் சட்டைப் பையில் கை விட்டபடி இறங்கி முடிவெட்டுகிறவரிடம் போனான். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு செருமுகிற மாதிரி. மாமனார் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வேண்டாம்.

"ம... மாப்ள."

மகளைத் தேடவில்லை. அவனையே பார்த்துக் கூப்பிட்டார். அவன் கட்டில் பக்கத்தில் போய் நின்றான்.

"எ... என் காசு."

"என்ன மாமா?"

"என் காசு. கு... குடுங்க."

மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள், மொழிபெயர்க்கலாம் என்று. தேவைப்படவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை தர்மமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார், மகன் பிச்சையாகப் போட்டாலும் வாங்க மாட்டார். உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த சொந்தப் பணம் அது ஒன்றுதான். அவனிடம் இருந்தது. இருந்திருக்க வேண்டும்.

தகர டப்பாவில் பத்தொன்பதாயிரம்தான் சேர்ந்திருந்தது.

"கொஞ்ச நாள் டைம் கொடுங்க மாமா" என்றான். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஒரு கடன்காரன் பேசவேண்டியதைப் பேசினான்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் படுத்திய பாடு இருக்கிறதே! காலையில் படி கத்தினால், "ஆச்சா?" மதியம் கத்தினால், "ஆச்சா?" அந்த ஒரு வார்த்தை மட்டும் நாளுக்கு நாள் திருத்தமாக வந்தது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவுக்கே ஆச்சரியம்.

"உறையில வெச்சுக் கொடுத்தப்ப வாங்கல, பேங்க்ல போட்டப்ப வாங்கல" என்றாள் மாமியார். "இப்ப வசூலுக்கு வந்த ஆள் மாதிரி உயிரை வாங்கறாரு. என்ன மனுஷனோ!"

அவன் வரவேண்டிய பாக்கிகளை வசூலிக்கத் தெருத் தெருவாக அலைந்தான். மருந்துக்கடை, போட்டோ ஸ்டூடியோ, இரண்டு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு துணிக்கடை. பெருமையாக நின்று பேசியே பழகியவன், "கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுங்க, அவசரம்" என்று கேட்டு நின்றான். பதினோரு நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில், உறையை எடுத்தான். தாங்கிக்குப் பின்னாலிருந்து பலகையையும் எடுத்தான். தூசி தட்டிப் பையில் போட்டுக்கொண்டான். பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.

கூடத்தில் மாமியார் இருந்தாள். மனைவி நாலாம் படியில் உட்கார்ந்திருந்தாள். முடிவெட்டுகிறவரும் இருந்தார், மாமனாரே வரச் சொல்லியிருந்தாராம். சாட்சி. அவன் நாற்காலி ஒன்றை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அந்தக் கூடத்தில் அவன் இழுத்துப் போட்ட முதல் நாற்காலி. மாமனாரின் முகம் அவ்வளவு சின்னதாகிவிட்டிருந்தது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"ஆச்சு மாமா" என்றான்.

மாமனார் இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார். ஒரு மரச் சட்டத்தைத் தூக்கி வைக்கிற மாதிரி தூக்கி, அவன் பக்கம் நீட்டி வைத்தார்.

"அந்தக் கையில பிடிக்காதுங்க. இந்தக் கையில வாங்கிக்குங்க" என்றாள் மாமியார்.

அவர் தலையை ஆட்டினார். "இ... இதாலதான் கொடுத்தேன்."

அவன் எண்ணி வைக்க ஆரம்பித்தான். ஏழாவது நோட்டில் கை சாய்ந்தது. எல்லாம் போர்வை மேல் விழுந்தன. பொறுக்கினான். "மொதல்லேருந்து" என்றார் மாமனார். மொதல்லேருந்து ஆரம்பித்தான். பதினொன்றில் மறுபடி சரிந்தது. "மொதல்லேருந்து." முடிவெட்டுகிறவர் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். அவன் பையைக் கீழே வைத்தான். பலகை தரையில் பட்டு 'டொக்' என்றது. மாமனார் கண் ஒரு தடவை பைப் பக்கம் போய், அவன் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. கேட்கலாம். இப்போது கேட்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை. பதில் சொல்ல வாயிருந்தவள் படியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவன் தன் இடது கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தான். பதினேழு வருஷமாக அவனைத் தள்ளிவிட்ட கை. கனமாக இருந்தது, சூடே இல்லை. காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"சத்தமா" என்றார் மாமனார்.

சத்தமாக எண்ணினான். நாற்பது வந்தபோது மாமியார் உள்ளே போய்விட்டாள். அறுபது வந்தபோது அவன் குரல் விக்கியது. நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அறுபத்தொன்று என்றான். எண்பத்து ரெண்டு. எண்பத்து மூணு. கடைசி நோட்டை வைத்து, சரியாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எண்பத்து நாலு" என்றான். விரிந்த கை மூடவில்லை. அவன் அடியில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.